தவமணி வீட்டுக் கலியாண வீடியோவில் மந்திரத் தடம் நீக்கிய வரலாறு

சுவிட்சர்லாந்தில் தமிழர் கலியாண வீடியோவுக்கு மூன்று காலங்கள் உண்டு: எனக்கு முந்திய காலம், என் காலம், நான் கமராவைக் கீழே வைத்த பிறகு வந்த இந்தக் காலம். முந்திய காலத்தில் படம் ஆடியது. என் காலத்தில் பார்த்தவர்கள் ஆடிப்போனார்கள். இந்தக் காலத்தில் கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடிக்கிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் தாலியும் ஏறி, பந்தியும் முடிந்து, பொம்பிளை மாப்பிளை தேனிலவில் நிற்கிறார்கள்.

எங்கள் வீடியோக் கலைஞர் ஒன்றியத்துப் பிள்ளைகள் ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டார்கள். பிள்ளைகள் என்றால் நாற்பது வயதுக்காரர்கள். "குலமண்ணை, வீடியோவிலையிருந்து வேண்டாத சத்தத்தை எடுக்கிறதைப் பற்றி எழுதுங்கோ. இப்ப ஒரு தட்டுத் தட்டினால் போயிடுது. அந்த நாளையிலை நீங்கள் என்னண்டு எடுத்தனீங்கள்?" என்று ஒருவர் கேட்டார். அந்த நாளாம்! நான் ஓய்வெடுத்தே நாலைந்து வருடம்தான் ஆகிறது. ஏதோ கல்லுரசி நெருப்பு மூட்டியவனிடம் கேட்பதுபோலக் கேட்கிறார்கள்.

சரி, எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குப் பிறகும் அந்தப் பள்ளிக்கூடம் நடந்தது என்பது எனக்கு இன்றுவரை வியப்பு. ஆகவே எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். வேறு பிழை இருக்காது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். யாரென்று கண்டுபிடிக்கிறவர்கள் கோயிலில் வைத்துச் சத்தமாகச் சொல்ல வேண்டாம்.

ஓல்டனில் வந்து இறங்கியபோது என்னிடம் ஒரு பையும் ஒரு அகதி அட்டையும் இருந்தன. உணவகம் ஒன்றின் பின்கட்டில் தட்டுக் கழுவினேன். சனி ஞாயிறுகளில் சூரிச்சில் ஸ்டூடியோ வைத்திருந்த றஞ்சன் அண்ணையிடம் வயர் இழுக்கப் போனேன். வயர் இழுத்தவன் லைற் பிடித்தான், லைற் பிடித்தவன் கமரா பிடித்தான், கமரா பிடித்தவன் ஓல்டனில் தன் பெயரில் ஸ்டூடியோ போட்டான். படிப்புக் காலம் அவ்வளவுதான். இதற்கு மேல் விரித்தால் பல்கலைக்கழகம் போனவர்கள் மனம் நோகும்.

றஞ்சன் அண்ணையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் ஏசமாட்டார். பிழை விட்டால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, திரும்பப் போடுவார். அவ்வளவுதான். அன்று முழுக்க நமக்குச் சோறு இறங்காது. காலையில் வீடியோவை வெட்ட உட்கார்ந்தால் அவர் செய்யும் முதல் வேலை, மோதிரம் போட்ட சின்ன விரலால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கட்டையை அடிமட்டத்துக்கு இழுத்துவிடுவது. "கலியாண வீட்டிலை சத்தம் எண்டது என்ன? அழுகிற பிள்ளை, இருமுற கிழவர், வெத்திலைத் தட்டம் ஏன் எங்களுக்கு வரேல்லை எண்டு கேக்கிற சகலன். இதைக் காசு குடுத்து ஆர் கேப்பான்? பாட்டைப் போடு," என்பார்.

ஒருமுறை ஒரு தகப்பன் வந்து நின்றார். "மகளின்ரை கலியாணத்திலை நான் பேசினது ஒண்டும் வீடியோவிலை கேக்கேல்லை. வாய் மட்டும் அசையுது."

றஞ்சன் அண்ணை அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். "அண்ணை, நீங்கள் பேசேக்கை உங்கடை முகத்தைப் பாத்தனீங்களோ? மந்திரி மாதிரி. சத்தத்தைப் போட்டால் அது போயிடும்."

தகப்பன் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, லண்டனில் இருக்கும் தம்பிக்கும் ஒரு பிரதி கேட்டுவிட்டுப் போனார்.

இந்த முறையை மாற்றிப் புரட்சி செய்தவன் நான். ஒரே வீடியோக் கோப்பில் இரண்டு ஒலித்தடம் வைத்தேன். முதல் தடத்தில் பாட்டும் நாதஸ்வரமும். இரண்டாவதில் சடங்கில் உண்மையாகக் கேட்ட சத்தம். ரீவி ரிமோட்டில் மொழி மாற்றுகிற பொத்தானை அமத்தினால் எது வேண்டுமோ அதைக் கேட்கலாம். 'படம் ஒன்று, காது இரண்டு' என்று விசிட்டிங் காட்டில் அச்சடித்தேன். பேர்ணில் இருந்த இன்னொரு வீடியோக்காரர், "எல்லாருக்கும் காது ரெண்டுதானே அண்ணை, இதிலை என்ன புதுசு?" என்று கேட்டார். அவருக்கு இப்போது வேறு தொழில்.

ஆனால் இரண்டாம் தடம் எல்லாருக்கும் சரிவரவில்லை. ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோவை வாங்கிக்கொண்டு போனவர்கள் திருப்பிக்கொண்டு வந்தார்கள். அதில் தொடக்கத்திலிருந்து முடிவுவரை என் குரல்தான். "அக்கா, மறைக்குது, தள்ளுங்கோ. மாமா, சிரியுங்கோ. அந்தக் கதிரையிலை இருக்கிற ஐயா, நித்திரை கொள்ளாதேங்கோ." பிள்ளையின் தாய், "சாமத்தியப்பட்டது எங்கடை பிள்ளையோ நீங்களோ எண்டு தெரியேல்லை," என்றார்.

அன்றுதான் வேண்டாத தடத்தை மட்டும் கழற்றும் வித்தையைப் பழகினேன். காசுக்கு விற்கும் மென்பொருட்கள் மாத வாடகை கேட்டன. வீட்டுக்கு வாடகை, கார் நிறுத்துகிற இடத்துக்கு வாடகை, கத்தரிக்கோலுக்கும் வாடகையா? இணையத்தில் இலவசமாகக் கிடக்கும் ஒரு சின்ன மென்பொருளை இறக்கினேன். அதை விளக்கிப் படம் போட்டிருந்தவர் ஒரு போர்த்துக்கேயர். அவர் மொழி எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. அவர் கை போன இடம் தெரிந்தது. அது போதும்.

இனித்தான் பெரிய வழக்கு.

தவமணி ஓஸ்டர்முண்டிகனில் இருக்கிறார். ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவுப் பகுதிக்குப் பொறுப்பு. அவர் வந்து யன்னல் விளிம்பை ஒரு விரலால் தடவினால் அந்தத் தளமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமாம். கணவன் இல்லை. ஒரே மகன். அவனுக்குக் கலியாணம் பேசிவிட்டு என் ஸ்டூடியோவுக்கு வந்தார்.

"குலமண்ணை, பாட்டுப் போடுறது, ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுக்கிறது எல்லாம் பிள்ளையளின்ரை விருப்பம். எனக்கு மந்திரம் வேணும். ஒரு சொல்லும் விடாமல். இவர் போனாப்பிறகு தனிய நிண்டு வளத்த பிள்ளை. முழு மந்திரத்தோடை கட்டி வைக்கிறன் எண்டு நேர்ந்தனான்."

"தங்கச்சி, ஐயர் மூச்சு விடுறதும் கேக்கும். நான் எடுக்கிறன், பிழைக்காது," என்றேன்.

சொன்னபடி, கலியாணத்தன்று பேர்ண் மண்டபத்தில் ஐயரின் சால்வையில் சின்ன மைக் ஒன்றைக் கொழுவினேன். ஐயர் இளம் ஆள். ஊரிலிருந்து எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றுக்கு வந்து சில வருடம்தான். மணவறையைச் சுற்றி நாதஸ்வரம், தவில், பிள்ளைகளின் ஓட்டம், பின்வரிசைகளில் வீட்டு விலைக் கதை. பக்கத்தில் இருப்பவர் சொல்வதே கேட்காது. ஆனால் மைக்குக்குக் கேட்கும்.

ஹோமம் தொடங்கும் இடத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து வந்தார். அவர்தான் அந்தக் கோயில் சபையின் தலைவர். பட்டு வேட்டி, கழுத்தில் சங்கிலி. கைகளைக் கூப்பியபடி ஐயரின் காதருகே மெல்லக் குனிந்தார். ஐயர் தலையாட்டினார். தலைவர் கண்களை மூடித் திறந்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்தப் பக்தியை நான் விடுவேனா? வெட்டும்போது அந்தக் குனிவை மெதுவாக ஓடவிட்டு, முதல் தடத்தில் வீணையைப் போட்டேன். படம் மெதுவாக ஓடினாலும் மந்திரத் தடம் தன் வேகத்தில்தான் ஓடும். ஆகையால் அடுத்து வந்த படங்களைக் குறுக்கி, இரண்டையும் மறுபடி ஒன்றாகக் கொண்டுவந்து சேர்த்தேன். இதெல்லாம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாத வேலை.

மந்திரத் தடத்தை இருந்து கேட்டேனா? இல்லை. மந்திரம் சரியா என்று பார்க்க நான் என்ன குருக்களா? ஒலியின் கோடு திரையில் நன்றாகத் துள்ளியது. யூஎஸ்பி ஸ்டிக்கில் ஏற்றி, ஓல்டன் ஸ்டேசனில் வைத்துத் தவமணியின் கையில் கொடுத்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வீட்டை கூப்பிட்டிருக்கிறன். மந்திரத்தோடை போட்டுக் காட்டப்போறன். பெரியண்ணையும் வாறார்," என்றார். பெரியண்ணை என்றால் தலைவர்.

அடுத்த நாள் காலை ஐயர் என் ஸ்டூடியோக் கதவைத் தட்டினார். ஜீன்ஸ், குளிர் ஜக்கெற், தொப்பிக்குள் குடுமி. முகத்தில் இரத்தமில்லை.

"அண்ணை, நீங்கள் கொழுவின மைக் மணவறையிலை முழுக்க வேலை செய்ததோ?"

"என்ரை மைக் எங்கை ஐயா வேலை செய்யாமல் இருந்தது?"

"தவமணி அம்மா ரெலிபோன் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் என்ரை மந்திரத்தைக் கேக்கப்போகினம் எண்டு சொன்னா. ஒருக்காப் போடுங்கோ, நான் கேக்கோணும்."

போட்டேன். முதல் பகுதி தெளிந்த தண்ணீர். பிறகு தலைவர் குனிந்தார். வீணை இல்லாமல் அந்த இடத்தை அன்றுதான் முதன்முதல் கேட்டேன்.

"ஐயா, சுருக்கும். அட்லிஸ்வில்லிலை மற்றக் கலியாணத்துக்கு மண்டபம் நிரம்பிட்டுதாம். பன்னிரண்டுக்கு முன்னம் அங்கை தாலி ஏறோணும்."

"தலைவர், இன்னும் கனக்க இருக்கு. ஹோம மந்திரம் தொடங்கேல்லை."

"அதை விடும். தாலிக்குப் போம்."

"அம்மா முன்னுக்கிருந்து பாத்துக்கொண்டிருக்கிறா."

"அவ என்ரை தங்கச்சி. அவவுக்குச் சமஸ்கிருதம் தெரியுமெண்டால் எனக்குச் சீனம் தெரியும். குரலை இழும், காணும்."

பெரிய குருக்கள் ஊருக்குப் போயிருந்தாராம். தலைவர் ஒரே நாளில் இரண்டு கலியாணத்துக்கும் ஒரே ஐயரை ஒப்புக்கொண்டிருக்கிறார். பாவம் ஐயர் குரலை இழுத்தார். அந்த நேரம் பார்த்து உதவிக்கு நின்றவர், "அங்கை எப்பிடிப் போறது?" என்று காதுக்குள் கேட்கிறார். முன்னால் தவமணி கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஐயர் என்ன செய்வார்? மந்திர ராகத்திலேயே பதில் சொன்னார்.

"பேர்ண்… ஏறி… ஓல்டன்… தாண்டி… சூரிச்… மாறி… அட்லிஸ்வில்… நமஹ!"

படத்தில், 'நமஹ' என்ற இடத்தில் தவமணி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

நான் கதிரையிலிருந்து விழாத குறையாகச் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் ஐயர் சால்வையில்லாத தோளைத் தடவிக்கொண்டு அழுகிறார்.

"சிரியாதேங்கோ அண்ணை. என்ரை வதிவிட அனுமதி முடியப்போகுது. கோயில் திரும்ப ஒப்பந்தம் எழுதிக் குடுத்தால்தான் புதுப்பிப்பினம். மனிசியும் பிள்ளையும் இஞ்சை வாறதுக்கு அலுவல் பாத்துக்கொண்டு ஊரிலை இருக்கினம். நான் பிள்ளையைத் தூக்கினதே இல்லை, போனிலைதான் பாத்தனான். இது வெளியிலை வந்தால் என்னை அனுப்பிப்போட்டுத்தான் மற்ற வேலை."

"சுருக்கச் சொன்னது தலைவர் எல்லோ? அவற்ரை குரல் கிடக்குதே!"

"கிடந்தாலும் போறது நான்தான் அண்ணை. அவருக்குச் சுவிஸ்காரரின்ரை சிவப்புப் பாஸ்போட்."

நான் சிரிப்பையும் படத்தையும் நிறுத்தினேன்.

உடனே தவமணிக்கு ரெலிபோன் எடுத்தேன். "தங்கச்சி, ஸ்டிக்கிலை ஒரு சின்னப் பிழை. மாத்தித் தாறன்."

"என்ன பிழை? நான் எடுத்தால் பிழைக்காது எண்டல்லோ சொன்னனீங்கள்?"

"அது… ஒலியிலை ஒரு இரைச்சல்."

"இரைச்சல் இருந்தால் இருக்கட்டும். மந்திரத்திலை கை வையாதேங்கோ." ரெலிபோனை வைத்துவிட்டார்.

இனி ஒரே வழி. மடிக்கணினியையும் காதில் மாட்டும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு தலைவரின் பலசரக்குக் கடைக்குப் போனேன். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் அவருக்கு ஒரு மேசை உண்டு. அதில் கோயில் சபை, கடை, நாட்டு அரசியல் மூன்றும் ஒன்றாக நடக்கும்.

"வாருங்கோ குலம். என்ரை காட்சி நல்லா வந்திருக்கெண்டு கேள்வி," என்றார்.

"அதைத்தான் காட்ட வந்தனான், தலைவர்."

மெதுவாகக் குனியும் தன்னைப் பார்த்து முதலில் புன்னகைத்தார். பிறகு காதுக்குள் குரல் போனது. புன்னகை அப்படியே இருந்தது. அதைச் சுற்றியிருந்த முகம்தான் மாறியது.

"இது என்ரை குரலில்லை."

"படம் உங்கடைதானே. அதுவும் மெதுவாய் ஓடுது. சொண்டு அசையிறதை எண்ணலாம்."

"ஆர் கேட்டது?"

"ஐயாவும் நானும்."

தலைவர் யோசித்தார். "ஐயரை மாத்திறன். ஒப்பந்தம் முடியுதுதானே, எழுதாமல் விட்டால் சரி. ஆள் போனால் கதையும் போச்சு."

இங்கேதான் எட்டாம் வகுப்பின் அருமை. "தலைவர், மாத்தினால் ஏன் மாத்தினது எண்டு தங்கச்சி கேப்பா. ஐயா சொல்லமாட்டார், அவர் பயந்த மனிசன். நான் சொல்லுவன். என்ரை வாயைப் பற்றி ஜெனீவா தொடங்கி சென்ட் காலன் மட்டும் விசாரிச்சுப் பாருங்கோ. நான் தட்டுக் கழுவின கதையையே இவ்வளவு காலம் சொல்லுறன். இதை விடுவனோ?"

அவர் மேசை லாச்சியைத் திறந்து மூடினார். மறுபடி திறந்தார். "ஒப்பந்தத்தை எழுதுறன். நீர் உந்த ட்ராக்கை அழியும். இப்ப. என்ரை கண்ணுக்கு முன்னாலை."

பிள்ளைகளே, தொழில் முறையைக் கவனியுங்கள். கோப்பை அந்த இலவச மென்பொருளில் திறந்தால் மூன்று வரி தெரியும். ஒன்று படம், இரண்டு ஒலி. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் சரி அடையாளம். ஒலி வரிகளில் பெயர் இராது, இலக்கம்தான் இருக்கும். ஆகையால் எது எது என்று முதலில் காதால் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். அவசரப்பட்டு நல்லதைக் கழற்றி, கெட்டதைக் கையில் கொடுத்தவர்கள் நம்மில் உண்டு. பெயர் சொல்லமாட்டேன், இந்த மலரில் எழுதுகிறார்கள். வேண்டாத வரியின் அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். பிறகு படத்தைப் புதிதாகச் செய்யச் சொல்லக்கூடாது, உள்ளபடி பிரதி எடுக்கச் சொல்ல வேண்டும். புதிதாகச் செய்வது வெந்த சோற்றைத் திரும்ப உலையில் போடுவது போல. நேரமும் போகும், படமும் குழையும். உள்ளபடி எடுத்தால் தேத்தண்ணி ஆறுமுன் முடியும். வேறு பெயரில் சேமிக்க வேண்டும்.

"சத்தத்தைக் குறைச்சு விட்டால் காணாதோ?" என்று தலைவர் கேட்டார்.

"குறைச்சால் கிடக்கும், தலைவர். ஆரும் கூட்டிக் கேப்பினம். கழற்றினால்தான் இல்லை."

புதுக் கோப்பைத் திறந்து, ஒலிப் பட்டியலில் ஒன்றே ஒன்று இருப்பதைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"அப்ப பழையது?"

"அது பழைய இடத்திலை அப்பிடியே இருக்கும். இது புதுக் கோப்பு."

"அதையும் அழியும்."

அதையும் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்து காட்டினேன். தலைவர் அரிசி மூட்டையில் சாய்ந்து மூச்சு விட்டார். "சரி, தங்கச்சியை நான் பாக்கிறன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தவமணி வீட்டு வரவேற்பறையில் கால் வைக்க இடமில்லை. ஐயரும் மூலையில் ஒரு கதிரை நுனியில் இருந்தார். நான் போன கையோடு ரீவியின் பின்னால் கையை விட்டு, பழைய ஸ்டிக்கை எடுத்துப் புதியதைச் செருகினேன். தவமணி வடைத் தட்டத்தை வைத்துவிட்டு ரிமோட்டை எடுத்தார். உடனே தலைவர் எழும்பினார்.

"தங்கச்சி, நில்லும். ஒரு விசயம். மந்திரத்தை மெசினுக்குள்ளை பூட்டி வைச்சு, நினைச்ச நேரம் போட்டுக் கேக்கிறது ஆகமத்திலை இல்லை. மந்திரம் காத்திலை கலக்கோணும். பூட்டினால் பலன் தம்பதியருக்குப் போகாது, ரீவிக்குத்தான் போகும்."

ஒரு பெரியவர், "ஓமோம், நானும் எங்கையோ வாசிச்சனான்," என்றார். இன்னொருவர், தான் வாசித்தது அதற்கும் முந்திய புத்தகம் என்றார். எல்லாரும் ஐயரைப் பார்த்தார்கள்.

"ஐயா, நீர் சொல்லும்," என்றார் தலைவர்.

ஐயர் கதிரையை விட்டு எழும்பினார். "ஓம்… சில சாத்திரங்களிலை… அப்பிடியும் ஒரு கருத்து இருக்கு."

தவமணி அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆஸ்பத்திரியில் யன்னல் விளிம்பைத் தடவிய பிறகு அப்படித்தான் பார்ப்பாராக்கும். பிறகு பாட்டோடு படத்தைப் போட்டார். மெதுவாகக் குனியும் இடம் வந்தது. வீணை உருகியது. "மாமன் எண்டால் இப்பிடியெல்லோ இருக்கோணும்," என்று ஒரு பெண் கண்ணைத் துடைத்தார். தலைவரும் துடைத்தார்.

அந்த மாதமே கோயிலில் அறிவித்தல் ஒட்டினார்கள்: கிரியைகளின்போது குருமாருக்கு மைக் கொழுவுதல் ஆகம விரோதம். மற்ற ஊர்க் கோயில்களிலும் பார்த்து எழுதி ஒட்டினார்கள். இன்று நீங்கள் நீண்ட கம்பு நுனியில் மைக்கைக் கட்டிக்கொண்டு மணவறைக்கு வெளியே தவம் கிடக்கிறீர்களே, அந்தச் சாத்திரம் ஓல்டன் பக்கத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் பிறந்தது. தலைவர் இப்போது பதவியை விட்டுவிட்டு மகளோடு லண்டனில். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஐயரின் அனுமதி புதுப்பிக்கப்பட்டது. குளிர்காலத்தில் மனைவியும் பிள்ளையும் வந்து இறங்கினார்கள். பிள்ளை தகப்பனைப் பார்த்து வீறிட்டு அழுதது என்று ஐயரே சந்தோசமாகச் சொன்னார். நான் இந்த வேலைக்கு யாரிடமும் பாராட்டு எதிர்பார்க்கவில்லை. கேட்ட இடமெல்லாம் நானே பாராட்டிக்கொள்ள முடியவில்லையே என்பதுதான் கவலை.

அவர்கள் வந்த அடுத்த வாரம் தவமணி ரெலிபோன் எடுத்தார். "குலமண்ணை, கமராவோடை வீட்டை வாங்கோ. மைக்கையும் கொண்டுவாங்கோ. ஆருக்கும் சொல்லவேண்டாம். உங்களுக்கு அது கஷ்டம் எண்டு தெரியும்."

போனேன். சோபாவில் மகனும் மருமகளும். முன்னால் பித்தளைத் தட்டில் கல் அடுக்கி ஒரு சின்ன ஹோமம். புகை போகட்டும் என்று யன்னல் முழுக்கத் திறந்து கிடக்க, மாப்பிள்ளை வேட்டிக்கு மேல் பனி ஜக்கெற்றோடு நடுங்கிக்கொண்டிருந்தார். கீழ் வீட்டுச் சுவிஸ்காரிக்கு முதல்நாளே கேக் கொடுத்து, கொஞ்சம் புகை வரும் என்று சொல்லிவைத்திருந்தாராம். ஐயர் நிலத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அவரும் என்னைப்போலத்தான் அழைக்கப்பட்டிருக்கிறார் என்று விளங்கியது.

"தங்கச்சி, என்ன இது?"

"மிச்சம்," என்றார் தவமணி.

"என்ன மிச்சம்?"

"ஸ்டிக்கை நீங்கள் ஸ்டேசனிலை தந்த அண்டைக்கே வந்து போட்டுக் கேட்டிட்டன். சமஸ்கிருதம் தெரியாதுதான். அட்லிஸ்வில் தெரியும்."

ஐயர் எழும்பப் பார்த்தார். "அம்மா…"

"இருங்கோ ஐயா. ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணை எழும்ப, உண்மையைச் சொல்லப்போறார் எண்டு நினைச்சன். ஆகமம் சொன்னார். அண்டைக்கே நான் வாயைத் திறந்திருந்தால் அவர் உங்களைத்தான் பிளேன் ஏத்தியிருப்பார். அனுமதி வந்து, பிள்ளையும் வந்து சேரட்டும் எண்டு இருந்தனான். இனி என்ரை நேர்த்தியை முடிச்சுத் தாங்கோ." என் பக்கம் திரும்பினார். "குலமண்ணை, ஐயாவுக்கு மைக்கைக் கொழுவுங்கோ."

"மைக் ஆகம விரோதமெல்லோ?" என்று நான் கேட்டேன்.

"அது பெரியண்ணைக்கு வந்த ஆகமம்."

கொழுவினேன். ஐயர் தொலைபேசியை எடுத்து அணைத்து, தானாகவே வெத்திலைத் தட்டத்தில் வைத்தார். புத்தகத்தைப் புரட்டினார். "எவ்விடத்திலை விட்டனான் எண்டு சரியாய் ஞாபகமில்லை, அம்மா."

"அதுக்கென்ன," என்று தவமணி ரீவியைப் போட்டார்.

"தங்கச்சி, அந்த ட்ராக்கைத் துப்புரவாய்க் கழற்றிப்போட்டன். பழைய கோப்பும் இல்லை," என்றேன். என் வேலையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

"உங்கடை ஸ்டிக்கிலை கழற்றினீங்கள். நான் முதல் நாளே மகன்ரை கொம்பியூட்டரிலை ஒரு படி ஏத்தி வைச்சிட்டன். கையிலை வந்த எதுக்கும் ரெண்டாவது ஒண்டு வைக்கோணும், ஆஸ்பத்திரிப் பழக்கம்."

ரிமோட்டில் பொத்தானை அமத்தினார். பாட்டு நின்றது, மந்திரத் தடம் வந்தது. திரையில் தலைவர் கைகூப்பி மெல்லக் குனிந்தார்.

"ஐயா, சுருக்கும்," என்றது அவர் குரல், அறை முழுக்க. மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டார். மருமகள் பொத்தவில்லை, சிரித்தேவிட்டார். "அதை விடும். தாலிக்குப் போம்."

அந்த இடத்தில் தவமணி படத்தை நிறுத்தினார்.

"இதிலையிருந்து சொல்லுங்கோ, ஐயா."

ஐயர் கண்ணை மூடித் தொடங்கினார். இழுக்காமல், விழுங்காமல், ஒவ்வொன்றாக. அவசரப்பட அவருக்கு எந்த ஊரும் இல்லை. நான் கமராவை அசைக்காமல் பிடித்தேன். தலைவர் ரீவியில் கைகூப்பிக் குனிந்தபடியே நின்றார், கடைசி மந்திரம் முடியும்வரை.